நாலெழுத்துச் சொல்லும் ‘டோஸ்டர்’ என்ற சொல்லும்: ‘பற்றில்ஸ்டார் கலக்டிகா’ ரசிகர்களின் தூசண விவாதம்

2003ஆம் ஆண்டு டிசெம்பர் 8, 9ஆம் திகதிகளில் அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசை இரண்டு இரவுகளாக ஒரு குறுந்தொடரை ஒளிபரப்பியது. அதன் பெயர் ‘பற்றில்ஸ்டார் கலக்டிகா’. 25 ஆண்டுகளுக்கு முன்னர் இதே பெயரில் வெளிவந்து, ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பெற்றோரோடு இருந்து பார்த்த விண்வெளித் தொடரின் மீளுருவாக்கம் அது. பழைய தொடரை நேசித்தவர்களில் பலர் புதியதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கதை இருண்டுவிட்டது, பாத்திரங்கள் மாறிவிட்டன என்ற குறைகளோடு இன்னொன்றையும் சொன்னார்கள்: இதில் வாயைத் திறந்தால் தூசணம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூசணம் உண்மையான தூசணமே அல்ல. ‘ஃபிராக்’ என்பது தொலைக்காட்சிக்காக இட்டுக்கட்டப்பட்ட ஒரு சொல். ஆங்கிலத்தின் மிகப் பிரபலமான வசைச்சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் பாத்திரங்கள் இதைச் சொன்னார்கள். அது கொச்சையா, கோழைத்தனமா, கெட்டித்தனமா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அதே தொடரில் இன்னும் இரண்டு சொற்கள் அடிக்கடி வந்தன. அவற்றில் ஆபாசம் எதுவும் இல்லை. தூசணம் பற்றிய விவாதத்தில் அவற்றுக்கு இடமும் கிடைக்கவில்லை. ஆனால், கதைக்குள் மனிதர்களைச் சாகடிக்க உதவியவை அந்தச் சொற்கள்தான்.

1978: இயந்திரங்கள் செத்தால் பரவாயில்லை

கிளென் ஏ. லார்சன் உருவாக்கிய முதல் தொடர் 1978 செப்டெம்பர் 17 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் ஆரம்பமானது. எகிப்தும் இஸ்ரேலும் காம்ப் டேவிட் உடன்படிக்கையில் கைச்சாத்திட்ட அதே இரவு அது. கையெழுத்திடும் நிகழ்வைக் காட்டுவதற்காகத் தொடரின் முதல் அத்தியாயத்தை இடைநடுவில் நிறுத்தவேண்டி வந்தது.

கதை இதுதான். பன்னிரண்டு கொலனிகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள். சைலன் எனப்படும் இயந்திரப் படையோடு நீண்டகாலப் போர். சமாதானம் பேசுவதாக நம்பவைத்து, சைலன்கள் பன்னிரண்டு உலகங்களையும் அழித்துவிடுகிறார்கள். தப்பியவர்கள் கையில் கிடைத்த கப்பல்களில் ஏறி, ‘கலக்டிகா’ என்ற போர்க்கப்பலின் பாதுகாப்பில், பூமி என்ற பெயர் மட்டுமே தெரிந்த ஓர் இடத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

இவ்வளவு பெரிய அழிவில் தொடங்கினாலும், முழுக் குடும்பமும் பார்க்கும் நேரத்துக்குரிய தொடராகவே அது தயாரிக்கப்பட்டது. போர்விமானிகள் கோபப்பட வேண்டும். ஆனால் வீட்டில் சிறுவர்கள் கேட்கக்கூடாத எதையும் சொல்லக்கூடாது. எனவே லார்சனின் குழு ஒரு தனிச் சொற்றொகுதியையே உண்டாக்கியது. ஆண்டுக்கு ‘யாரன்’, நாய்போன்ற பிராணிக்கு ‘டாகிட்’, குப்பைப் பேச்சுக்கு ‘ஃபெல்ஜர்கார்ப்’, எரிச்சலுக்கு ‘ஃபிராக்’. இடையிடையே வந்துபோன அந்தச் சொல்லை அன்று பெரும்பாலானோர் விண்வெளி அலங்காரமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எதைச் சொல்லலாம் என்ற கேள்விக்கு அந்த ஆண்டு மிக முக்கியமானது. நகைச்சுவைக் கலைஞர் ஜோர்ஜ் கார்லின் ஒலிபரப்பக்கூடாத சொற்களையே பொருளாக வைத்து நிகழ்த்திய ஓர் உரையை நியூயோர்க் வானொலி ஒன்று 1973இல் பகல்நேரத்தில் ஒலிபரப்பியிருந்தது. அந்த வழக்கில் 1978 ஜூலை 3 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுவர்கள் கேட்கக்கூடிய நேரத்தில் இத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்த மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு என்பதே அந்தத் தீர்ப்பு. கலக்டிகா முதன்முதலில் பறந்தது அதற்கு இரண்டரை மாதங்களின் பின்னர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. பழைய தொடரில் வாராவாரம் சைலன்கள் வெடித்துச் சிதறினார்கள். அவர்கள் உலோகத்தாலான இயந்திரங்கள்; ஊர்வன போன்ற ஒரு வேற்றுலக இனம் உண்டாக்கியவர்கள். இரத்தம் இல்லை, அழ உறவுகள் இல்லை. ஒரு சொல் சிறுவர்களின் காதில் விழுந்துவிடக்கூடாதே என்று கவலைப்பட்ட தொலைக்காட்சிக்கு, இந்தச் சாவுகள் எந்த இடைஞ்சலும் தரவில்லை.

2003: எதிரிக்கு முகம் வந்தபோது

புதிய தொடரை உருவாக்கியவர் ரொனால்ட் டி. மூர். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களில் பல ஆண்டுகள் எழுதிய அவர், டேவிட் ஐக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து இதை மீண்டும் கட்டியெழுப்பினார். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் அதிர்ச்சி ஆறாத காலம். ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் அமெரிக்கப் படைகள் இருந்தன.

மூர் செய்த பெரிய மாற்றம் சைலன்களின் பிறப்பில் இருந்தது. புதிய கதையில் அவர்களை உண்டாக்கியவர்கள் மனிதர்களே. ஏவல் வேலைக்காகச் செய்யப்பட்ட இயந்திரங்கள் கிளர்ந்தெழுந்து போரிட்டன. போர்நிறுத்தத்தின் பின் காணாமற்போயின. 40 ஆண்டுகளின் பின் அணுவாயுதங்களோடு திரும்பிவந்தன. இம்முறை சிலர் மனித உருவிலும் வந்தார்கள். அவர்களுக்கு இரத்தம் ஓடுகிறது, வலிக்கிறது, காதல் வருகிறது. தான் சைலன் என்பதே தெரியாமல் மனிதர்களிடையே வாழ்ந்தவர்களும் உண்டு.

தப்பியவர்கள் ஐம்பதாயிரம் பேரளவில். கல்வி அமைச்சராக இருந்த முன்னாள் ஆசிரியை லோரா ரொஸ்லின், மேலே இருந்த அத்தனை பேரும் இறந்துவிட்டதால் ஜனாதிபதியாகிறார். எஞ்சியோரின் எண்ணிக்கையை ஒரு வெண்பலகையில் எழுதி, ஒவ்வொரு நாளும் அழித்துத் திருத்துகிறார். போர்க்கப்பலின் நடைபாதை ஒன்றில் சனங்கள் இறந்தவர்களின், தொலைந்தவர்களின் படங்களை ஒட்டுகிறார்கள். சுவர் நிறைந்து போகிறது. தொடர் முழுவதும் பாத்திரங்கள் அந்தச் சுவரைக் கடந்தே வேலைக்குப் போகிறார்கள்.

இந்தச் சூழலில் மனிதர்கள் கதைக்கும் விதமும் மாறியது. மூரின் குழு பழைய ‘ஃபிராக்’கை எடுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் குறைத்தது. ஆங்கிலத்தில் பெரும்பாலான வசைச்சொற்கள் நான்கு எழுத்துகளைக் கொண்டவை. ‘நாலெழுத்துச் சொல்’ என்றாலே தூசணம் என்றுதான் அர்த்தம். இப்போது ‘ஃபிராக்’கும் அந்த வரிசையில் சேர்ந்தது. அது வினையாகவும் பெயராகவும் அடைமொழியாகவும், தாயை இழுத்துத் திட்டும் வசையின் பாதியாகவும் மாறியது. கொலனிவாசிகள் பல தெய்வங்களை வணங்குபவர்கள் என்பதால், கடவுளை இழுத்துத் திட்டும் ஆங்கில வசையும் பன்மையில் வந்தது.

ரசிகர்கள் எதற்காகச் சண்டை பிடித்தார்கள்?

முதல் தரப்பினர் பழைய ரசிகர்கள். பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய ஒன்று பறிபோய்விட்டது என்பது அவர்களின் மனக்குறை. சொல் பொய்யானாலும் எண்ணம் உண்மையானது, பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும் என்றார்கள். இந்தத் தொடரைப் ‘பெயரில் மட்டும் கலக்டிகா’ என்று சுருக்கிப் பரிகசித்தார்கள். பழைய தொடரில் ஸ்டார்பக் என்ற விமானியாக நடித்த டேர்க் பெனடிக்ட், அந்தப் பாத்திரம் பெண்ணாக்கப்பட்டதைக் கடுமையாகச் சாடி 2004இல் ஒரு கட்டுரையே எழுதினார். கேட்டி சாக்கோஃப் நடித்த புதிய ஸ்டார்பக், சுருட்டுப் புகைத்து, சூதாடி, மேலதிகாரியின் முகத்தில் குத்தி, வாய்க்கு வந்தபடி திட்டுகிறவள். தூசணம் பற்றிய கோபத்தில் ஒரு பெண் அதைப் பேசுகிறாள் என்ற கோபமும் கலந்திருந்தது என்று புதிய ரசிகர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

இரண்டாவது தரப்பினரின் குறை நேரெதிரானது. சித்திரவதையையும் தற்கொலைக் குண்டையும் காட்டத் துணிந்தவர்கள் ஒரு சொல்லைச் சொல்லத் துணியாமல் வேடம் போடுவது ஏன்? சொல்வதென்றால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்பது இவர்களின் வாதம். முக்கியமான காட்சியில் இந்தப் போலிச்சொல் வரும்போது சிரிப்பு வந்து காட்சி கெட்டுவிடுகிறது என்றார்கள்.

மூன்றாவது தரப்பினர் சொல்லை ஏற்றுக்கொண்டவர்கள். இது வேறொரு உலகம், அவர்களின் வசை நம்முடையதாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்றார்கள். தூசணத்தின் பலம் எழுத்துகளில் இல்லை, சொல்லும் ஆளின் தொனியிலும் சொல்லும் தருணத்திலும் இருக்கிறது என்பதும் அவர்களின் வாதம். இதில் உண்மை உண்டு. ஓரிரு பருவங்களின் பின் பார்வையாளர்களின் காதுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. வேறு நகைச்சுவைத் தொடர்களின் பாத்திரங்களும் அதைச் சொல்லத் தொடங்கின.

இந்த உத்தி புதியதும் அல்ல. பிரித்தானியாவின் ‘ரெட் டுவார்ஃப்’ 1988இலும், ‘ஃபார்ஸ்கேப்’ 1999இலும் தமக்கென வசைகளை உண்டாக்கின. 2002இல் வந்த ‘ஃபயர்ஃப்ளை’ பாத்திரங்களைச் சீனமொழியில் திட்டவைத்தது. அதற்கும் வெகு முன்னர், இரண்டாம் உலகப் போர்க்கள நாவலான ‘த நேக்கட் அன்ட் த டெட்’ 1948இல் வெளிவந்தபோது, நோர்மன் மெய்லர் சிப்பாய்களின் வசைச்சொல்லை எழுத்து மாற்றியே அச்சிட வேண்டியிருந்தது. மனிதர்கள் கொல்லப்படுவதை அந்த நாவல் மறைக்காமல் காட்டியது. மாற்றவேண்டி வந்தது சிப்பாயின் வாயிலிருந்து வந்த சொல்லை மட்டும்தான்.

காசும் சட்டமும்

உண்மையான சொல்லைப் பயன்படுத்த முடியாமற்போனதற்குக் காரணம் சட்டம் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்பாடல் ஆணைக்குழுவின் ஆபாசக் கட்டுப்பாடு, வான் அலைகள் வழியாக இலவசமாக வரும் ஒளிபரப்புக்கே உரியது. கட்டணம் செலுத்திக் கேபிள் வழியே பெறும் சை-ஃபை போன்ற அலைவரிசைகளை அது கட்டுப்படுத்தாது. ஆனால், அந்த அலைவரிசைகள் விளம்பரத்தில் தங்கியிருந்தன. சவர்க்காரமும் காரும் விற்பவர்கள் தங்கள் விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் தூசணம் வருவதை விரும்புவதில்லை. எனவே, அலைவரிசைகள் தாமாகவே வாயைக் கட்டிக்கொண்டன.

காலமும் பதற்றமானது. 2004 பெப்ரவரியில் சூப்பர் போல் இறுதியாட்டத்தின் இடைவேளையில் பாடகி ஜனட் ஜக்சனின் மார்பு ஒரு கணம் தெரிந்ததற்காக, சிபிஎஸ் நிறுவனத்துக்கு 550,000 டொலர் அபராதம் விதிக்க ஆணைக்குழு முன்வந்தது. 2006இல் அமெரிக்கக் காங்கிரஸ் இத்தகைய மீறல் ஒவ்வொன்றுக்குமான உச்ச அபராதத்தைப் பத்து மடங்காக்கி 325,000 டொலராக உயர்த்தியது. இத்தனைக்கும் அதே ஆண்டுகளில் ஈராக்கின் அபுகிராய்ப் சிறையில் கைதிகள் சித்திரவதை செய்யப்பட்ட படங்கள் உலகெங்கும் வெளிவந்திருந்தன.

‘டோஸ்டர்’

இனி, அந்த மற்ற இரண்டு சொற்கள். கொலனிவாசிகள் சைலன்களை ‘டோஸ்டர்’ என்கிறார்கள். பாண் சூடாக்கும் மின்சாதனம். மனித உருவில் உள்ள சைலன்களை ‘ஸ்கின் ஜொப்’ என்கிறார்கள். தோல் போர்த்திய சாமான் என்பதுபோன்ற ஒரு பொருள். இரண்டாவது சொல் 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்திலிருந்து வந்தது. அதிலும் மனிதரைப் போன்ற செயற்கை உயிர்களைப் பொலிஸ் அதிகாரி அப்படித்தான் அழைக்கிறார்.

இரண்டையும் எந்தத் தொலைக்காட்சியிலும், எந்த நேரத்திலும் சொல்லலாம். விளம்பரதாரர் முகம் சுளிக்கமாட்டார். ஆனால், கதைக்குள் அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

முதலாம் பருவத்தில் லியோபன் என்ற சைலன் கைதியை ஸ்டார்பக் விசாரிக்கிறாள். அவன் இயந்திரம், அவனுக்கு வலி என்பது வெறும் நிரல் என்று சொல்லிக்கொண்டு, அவன் தலையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்குவிக்கிறாள். அவன் பசிக்கிறான், வியர்க்கிறான், பயப்படுகிறான். அவள் அதைக் காண்கிறாள். காணவில்லை என்பதற்கு அந்தச் சொல் உதவுகிறது. கடைசியில் ஜனாதிபதி ரொஸ்லின் அவனுக்கு உயிர் தருவதாக வாக்களித்துவிட்டு, விண்வெளிக்குள் தள்ளிவிடக் கட்டளையிடுகிறார். கண்ணாடியில் கைவைத்து விடைகொடுப்பவள் ஸ்டார்பக் மட்டும்தான்.

2005 செப்டெம்பரில் ஒளிபரப்பான ‘பெகாசஸ்’ அத்தியாயம் இதைவிடக் கொடியது. தப்பிய இன்னொரு போர்க்கப்பலில் ஒரு பெண் சைலன் கைதியாக இருக்கிறாள். அவளை அடித்தும் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியும் சிதைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் அவளைக் குறிப்பிடும்போது ‘அவள்’ என்று சொல்வதில்லை, ‘அது’ என்கிறார்கள். இயந்திரத்தை யாரும் வன்புணரமுடியாது என்பதே அந்தப் படையினரின் நியாயம். அந்த நியாயத்தைச் சாத்தியமாக்கியது ஒரு வன்கணக்கான மனமல்ல. அன்றாடம் எல்லோரும் பகிடியாகச் சொல்லிவந்த ஒரு சொல். ‘ஃபிராக்’ என்பதைக் கேட்டுக் காதைப் பொத்தியவர்கள், ‘டோஸ்டர்’ என்பதற்குச் சிரித்தார்கள்.

தூசணம் பேசுகிறவர் பெரும்பாலும் தன் கோபத்தை, பயத்தை, இயலாமையைக் கொட்டுகிறார். அது கேட்பவரை அவமதிக்கலாம். ஆனால் அவரை மனிதராகவே வைத்திருக்கிறது. ஒருவரைப் பொருளாக்கும் சொல்லில் கோபமே தேவையில்லை. நிதானமாக, மரியாதையான குரலில், அறிக்கையிலும் அதைச் சொல்லமுடியும்.

2006 ஒக்டோபரில் தொடங்கிய மூன்றாம் பருவம் இதே பார்வையை மனிதர்கள் பக்கம் திருப்பியது. சைலன்கள் ஆக்கிரமித்த ‘நியூ கப்ரிகா’ என்ற குடியேற்றத்தில் சிலர் ஆக்கிரமிப்பாளரின் பொலிஸில் சேர்ந்தார்கள். சிலர் எதிர்த்துக் குண்டு வைத்தார்கள். தப்பிவந்தபின், ஆறு பேர் கொண்ட இரகசியக் குழுவொன்று ‘ஒத்துழைத்தவர்கள்’ என்ற பட்டியலை வைத்துத் தம் சொந்த மக்களையே விசாரித்து விண்வெளிக்குள் தள்ளுகிறது. நிரபராதி ஒருவரும் மயிரிழையில் தப்புகிறார். உண்மையில் அவர் எதிர்ப்பியக்கத்துக்கு இரகசியத் தகவல் கொடுத்துவந்தவர். ஒரு சமூகம் தன் சொந்த ஆட்கள்மீது ஒட்டும் சொல்லொன்று எப்படித் தீர்ப்பாகவும் தண்டனையாகவும் மாறும் என்பதை, ‘துரோகி’ என்ற சொல்லோடு வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2009 மார்ச் 17

தொடர் முடிவதற்கு மூன்று நாட்கள் முன்னர், நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் மண்டபமொன்றில் பற்றில்ஸ்டார் கலக்டிகா பற்றிய கலந்துரையாடல் ஒன்று நடந்தது. மனித உரிமைகள், போரில் சிறுவர், பயங்கரவாதம், நல்லிணக்கம் ஆகியவை பேசுபொருள்கள். நடிகை ஹூப்பி கோல்ட்பேர்க் நெறிப்படுத்தினார். மூர், ஐக், ரொஸ்லினாக நடித்த மேரி மக்டொனல், கட்டளைத் தளபதி அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் ஆகியோர் கலந்துகொண்டார்கள். நாடுகளின் பெயர்ப்பலகைகள் இருக்கும் மேசைகளில் கதையின் பன்னிரண்டு கொலனிகளின் பெயர்கள் இருந்தன.

ஐ.நா. தரப்பில் பேசியவர்களில் ஒருவர், சிறுவர்களும் ஆயுத மோதல்களும் தொடர்பான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி ராதிகா குமாரசுவாமி. இலங்கைத் தமிழர்.

அந்த அரங்கில் ஓல்மோஸ் கொதித்தெழுந்தார். அவரைக் கோபப்படுத்திய சொல் தூசணம் அல்ல, ‘இனம்’ என்பது. மனிதர்களைப் பல இனங்களாகப் பிரிக்கும் அந்தச் சொல்லை ஐ.நா.வே தொடர்ந்து பயன்படுத்துவதைக் கண்டித்தார். இருப்பது ஓர் இனம், மனித இனம் மட்டுமே என்றார். பின் தொடரில் அடாமா படையினரைத் திரும்பச் சொல்லவைக்கும் உறுதிமொழியை உரத்துச் சொன்னார். மண்டபமே அதைத் திருப்பிச் சொன்னது. விண்வெளித் தளபதியாக நடித்தவர் ஐ.நா.வில் ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடித்ததைச் சிலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள்.

அந்த மார்ச் 17இல் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்தில் அடைபட்டிருந்த சனங்கள்மீது எறிகணைகள் விழுந்துகொண்டிருந்தன. அந்த நிலத்துக்குப் ‘பாதுகாப்பு வலயம்’ என்று பெயர். அங்கு நடந்ததை அரசாங்கம் ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. ஐ.நா. பாதுகாப்புச் சபை அதைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் எடுக்கவே இல்லை. ஐ.நா. தன் கடமையில் பாரதூரமாகத் தவறியதென்பதை அதன் சொந்த உள்ளக மீளாய்வுக் குழுவே 2012 நவம்பரில் வெளிவந்த அறிக்கையில் கூறியது. மேலே சொன்ன பெயர்களில் ஒன்றுகூட ஆபாசமானதல்ல. எந்தத் தணிக்கையாளரும் அவற்றை வெட்டமாட்டார்.

விவாதம் விட்டுச்சென்றது

பழைய ரசிகர்களின் மனக்குறையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க ஒரு கதை வேண்டும் என்பது நியாயமான ஆசை. பழைய தொடரில் அப்பலோவாக நடித்த றிச்சர்ட் ஹட்ச், பழைய கதையையே தொடரவேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர். தன் பணத்தில் முன்னோட்டப் படமொன்றும் எடுத்தவர். புதிய தொடரை முதலில் அவரும் எதிர்த்தார். பின்னர் அதிலேயே டொம் சாரெக் என்ற பாத்திரத்தில் நடித்தார். அந்தப் பாத்திரம் ஓர் அரசியற் கைதி. ஒருவருக்குப் போராளி, இன்னொருவருக்குப் பயங்கரவாதி. எந்தச் சொல் சரி என்று தொடர் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

இன்று இணையவழி ஒளிபரப்பில் இந்தக் கட்டுப்பாடுகள் ஏறத்தாழ இல்லை. 2017இல் ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ தொடரில் உண்மையான நாலெழுத்துச் சொல்லே முதன்முறையாக வந்தபோது, அதே மூன்று தரப்பினரும் அதே வாதங்களோடு திரும்பிவந்தார்கள். ஒவ்வொரு மீளுருவாக்கத்தின்போதும் அவர்கள் வரக்கூடும்.

அப்போதெல்லாம் பிள்ளைகளோடு இருந்து பார்ப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கதையில் வரும் மனிதர்கள் எத்தனை முறை திட்டுகிறார்கள் என்று எண்ணுவது இலகு. தமது எதிரியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயரை வைத்தபின் அவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது.